கயிறு வீசும் முன் எங்கே நிற்பது: கயாக் பழகுபவர்களுக்கு ஆற்று மீட்பு

நீரோட்டம் நொடிக்கு 3 மீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல ரேபிடில், அதாவது பாறைகளுக்கிடையே நீர் சீறிப் பாயும் இடத்தில், இது சாதாரண வேகம். கயாக் கவிழ்ந்து வெளியே வந்து நீந்துகிறவர் உங்கள் கயிறு எட்டும் தூரத்துக்குள் நுழைந்து, உங்களைக் கடந்து, எட்டாத தூரத்துக்குப் போய்விட ஆறேழு நொடிதான் ஆகும். அதற்குள் கயிறு திணித்த பையை, அதாவது த்ரோ பேக்கைத் தேடி, அதன் வாயைத் திறந்து, காலூன்ற இடம் பார்த்து வீசுவது நடக்காத காரியம். த்ரோ பேக் மீட்பில் முக்கால் வேலை, யாரும் தண்ணீரில் விழுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு வீசிப் பார்ப்பதில்தான் ஆசை. நிற்கும் இடத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கொட்டாவி விடுவார்கள். இங்கே அந்தக் கொட்டாவிப் பகுதிதான் நீளம்.

எந்த ஆற்றில் கயிறு, எந்த ஆற்றில் படகு

சிவ்புரியிலிருந்து ரிஷிகேஷுக்குக் கங்கையில் இறங்கும்போது ரோலர் கோஸ்டர், கோல்ஃப் கோர்ஸ் போன்ற ரேபிடுகள் வரும். அங்கே ஆறு அகலம், நீர் ஏராளம். கரையிலிருந்து வீசும் கயிறு நடு ஆற்றை எட்டாது. கூட வரும் பாதுகாப்புக் கயாக்கும், காற்றடைத்த பெரிய படகான ராஃப்டும்தான் அங்கே முதல் உதவி. கயிறு பயன்படுவது பெரும்பாலும் ராஃப்டிலிருந்து, பக்கத்தில் மிதக்கிறவருக்கு வீசுவதற்குத்தான்.

கோழிக்கோடு மாவட்டத்தில் மலபார் ரிவர் ஃபெஸ்டிவல் என்ற கயாக் திருவிழா நடக்கும் சாலிப்புழா, இருவஞ்ஞிப்புழா இரண்டும் இதற்கு நேர் எதிர். மழைக்காலத்தில் மட்டும் ஓட்டத்துக்கு உகந்த, குறுகலான, பாறை நிறைந்த, சரிவான ஆறுகள். குடகின் பரப்போளேயும் அந்த இனம்தான். ஒருவர் ரேபிடில் இறங்கும்போது இன்னொருவர் கரைப் பாறையில் கயிற்றோடு நிற்பது அங்கே அன்றாட வழக்கம். கீழே சொல்வதெல்லாம் பெரும்பாலும் இந்தக் குறுகிய ஆறுகளை மனத்தில் வைத்துத்தான்.

எங்கே ஆனாலும் வரிசை ஒன்றே: முதலில் குரல், அடுத்து துடுப்பு நீட்டுதல், அடுத்து கயிறு, அடுத்து படகு, கடைசியாகத்தான் நீங்களே தண்ணீரில் இறங்குவது. மேலே உள்ளவை எல்லாம் மீட்பவருக்கு ஆபத்து குறைந்தவை. “இடது பக்கம் நீந்து!” என்ற ஒரு சத்தத்திலேயே பாதிப் பேர் கரை சேர்ந்துவிடுவார்கள். கை எட்டும் தூரத்தில் இருப்பவருக்குக் கயிறு வீசுவது வெறும் ஆர்வக்கோளாறு. துடுப்பை நீட்டுங்கள், போதும்.

பையும் கயிறும்

த்ரோ பேக் என்பது, வாய் அகன்ற துணிப் பைக்குள் திணித்த மிதக்கும் கயிறு. பையின் அடியில் ஒரு ஃபோம் வட்டு இருக்கும். பை மூழ்காமல் இருப்பது அதனால்தான். வாங்கும்போது பார்க்க வேண்டியவை:

நீளம் 15 முதல் 20 மீட்டர். 25 மீட்டர் பை கடையில் கவர்ச்சியாக இருக்கும். ஆனால் கனம் அதிகம், புதியவர் அதை முழு நீளத்துக்கு வீசுவதே இல்லை. குறுகிய ஆற்றுக்கு 18 அல்லது 20 மீட்டர் தாராளம்.

தடிமன் 9 முதல் 11 மில்லிமீட்டர். இடுப்பில் கட்டும் சிறு பைகளில் 6, 7 மி.மீ. கயிறு வரும். ஈரக் கையில் பிடித்து இழுத்தால் அது வழுக்கும், தோலை அறுக்கும். முதல் பையாக அது வேண்டாம்.

பாலிப்ரொப்பிலீன் மிதக்கும், விலை குறைவு. உள்ளே டைனீமா இழை வைத்த கயிறும் மிதக்கும், பலம் பல மடங்கு, விலையும் அப்படியே. சிக்கிய படகை இழுக்கும் உத்தேசம் இருந்தால் பின்னதை வாங்குங்கள். மலையேற்றத்துக்கான நைலான் கயிறு தண்ணீரைக் குடித்து மூழ்கும். பாறை இடுக்கில் போய் மாட்டும். ஆற்றுக்கு அது ஆகாது.

உங்கள் கையில் இருக்கும் முனையில் முடிச்சோ கண்ணியோ இருக்கக் கூடாது. சில பைகளில் பிடிமானத்துக்கென்று பெரிய கண்ணி போட்டே விற்கிறார்கள். அவிழ்த்துவிடுங்கள். கையைவிட்டுப் போன கயிறு முடிச்சில்லாமல் இருந்தால் பாறைக்கிடையே உருவிக்கொண்டு போய்விடும். முடிச்சு இருந்தால் மாட்டி நின்று, அடுத்து வருகிறவர் கழுத்துக்குக் காத்திருக்கும்.

கயிறு இருக்கும் இடத்தில் கத்தியும் இருக்க வேண்டும். லைஃப் ஜாக்கெட்டின் நெஞ்சுப் பகுதியில், இரண்டு கையாலும் எடுக்கும்படி, ஒரே இழுப்பில் வெளிவரும் கத்தி. ஹெல்மெட், லைஃப் ஜாக்கெட், விசில், கத்தி இல்லாதவர் கரையில் நின்றாலும் கயிற்றைத் தொடக் கூடாது. ஈரப் பாறையில் வழுக்கி ஆற்றில் விழ அவருக்கு ஒரு நொடி போதும்.

பையைத் திணிக்கும் முறை

கயிற்றைச் சுருட்டி வைக்காதீர்கள். சுருட்டினால் ஒரு வளையம் இன்னொன்றுக்குள் நுழைந்து, வீசும்போது கட்டியாக வெளியே வரும். பையின் வாயை இடது கையின் சுண்டு விரலாலும் மோதிர விரலாலும் பிடியுங்கள். கயிற்றைத் தோள்மேல் போட்டுக்கொண்டு, வலது கையால் ஒரு சாண் ஒரு சாணாக இழுத்து உள்ளே தள்ளுங்கள். இடது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நழுவாமல் பிடித்துக்கொடுக்கும். அவ்வப்போது பையைத் தட்டி அடியில் இறக்குங்கள். அவசரத்தில் கொத்தாக அள்ளித் திணித்த பை அடுத்த முறை ஐந்து மீட்டரில் நின்றுவிடும். அதைத் திணித்தவரே வீசுவார் என்ற நிச்சயமும் இல்லை.

நிற்கும் இடம்

ரேபிடை முதலில் கரையில் நடந்து பாருங்கள். கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. கவிழ்ந்தால் எந்த இடத்தில் கவிழ்வார்? கவிழ்ந்து, படகோடு உருண்டெழ முயன்று, முடியாமல் வெளியே வரும்போது எவ்வளவு தூரம் கீழே வந்திருப்பார்? கயிற்றைப் பிடித்ததும் எங்கே போய் ஒதுங்குவார்?

மூன்றாவது கேள்விதான் இடத்தைத் தீர்மானிக்கிறது. நீங்கள் பிடித்து நிற்க, அவர் கயிற்றின் மறுமுனையில் ஊஞ்சல் போல வளைந்து உங்கள் கரைக்கே வருவார். 15 மீட்டர் கயிறு வெளியே இருந்தால், அவர் ஒதுங்கும் இடம் உங்களிடமிருந்து ஏறக்குறைய 15 மீட்டர் கீழே. ஆகவே நீங்கள் பார்க்க வேண்டியது உங்கள் காலடியை மட்டும் அல்ல, கீழே உள்ள அந்தப் பதினைந்து மீட்டர் கரையையும். அங்கே எடி இருந்தால், அதாவது பாறைக்குப் பின்னால் நீர் மெதுவாக எதிர்த்திசையில் திரும்பும் அமைதியான இடம் இருந்தால், அருமை. அங்கே ஆற்றில் சாய்ந்த மரமோ, அடி குடைந்த பாறையோ இருந்தால், நீங்கள் கச்சிதமாக வீசி, கச்சிதமாகப் பிடித்து, அவரை நேராக அதற்குள் கொண்டுபோய்ச் செருகுவீர்கள்.

விழுந்த மரம் வடிகட்டி மாதிரி. தண்ணீர் கிளைகளுக்கிடையே போய்விடும், ஆள் நின்றுவிடுவார். ஆற்றின் விசை வேகத்தின் வர்க்கத்துக்கேற்பக் கூடும்: வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. மணிக்கு 5 கி.மீ. நீரோட்டத்தில் உடல் மேல் சுமார் 15 கிலோ அழுத்தம் என்றால், 10 கி.மீ.யில் அது 60 கிலோ. மரத்தில் ஒட்டியவரைக் கையால் பிய்த்தெடுக்க முடியாமல் போவது இதனால்தான்.

இன்னும் சில: ஆபத்தான இடத்துக்கு நேரெதிரே நிற்காமல் அதற்குச் சற்றுக் கீழே நில்லுங்கள். கவிழ்ந்தவர் தலை நீருக்கு மேல் வந்து, மூச்சு வாங்கி, உங்களைப் பார்க்க அந்த இடைவெளி வேண்டும். மிக உயரமான பாறை வேண்டாம். இழுப்பு வந்ததும் அது உங்களைக் கீழே இறக்கிவிடும். பின்னால் கிளை இருந்தால் கையை வீச இடம் இருக்காது. ஒரு முறை வெறுங்கையை வீசிப் பாருங்கள். கரையோரமாக நாலடி கீழே நடந்து போக வழி இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், அது பிறகு உதவும்.

இரண்டு பேர் இருந்தால் இருவரும் ஒரே இடத்தில் நிற்காமல், இரண்டாமவர் 15, 20 மீட்டர் கீழே நிற்கட்டும். ஒரே நேரத்தில் இரண்டு கயிறு விழுந்தால் நீந்துகிறவர் கழுத்தில் சிக்கும். ஒன்று தவறிய பிறகுதான் அடுத்தது. இன்னொருவர் ரேபிடுக்கு மேலே நின்று, அடுத்த படகை நிறுத்திவைக்க வேண்டும். கயிறு ஆற்றின் குறுக்கே கிடக்கும்போது மேலிருந்து ஒரு கயாக் வந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. துடுப்பைத் தலைக்கு மேல் படுக்கைவாட்டில் பிடித்தால் “நில்”, செங்குத்தாகப் பிடித்தால் “வா”. விசில் ஒன்று “இங்கே பார்”, மூன்று “ஆபத்து”. கையால் காட்டும்போது போக வேண்டிய திசையை மட்டும் காட்டுங்கள். ஆபத்து இருக்கும் பக்கம் காட்டினால் பதற்றத்தில் அங்கேயே நீந்துவார்கள்.

வீசுதல்

1. பையின் வாயைத் திறந்து, இரண்டு மீட்டர் கயிற்றை வெளியே எடுங்கள். அந்த முனை வீசாத கையில். விரலில், மணிக்கட்டில் சுற்றாதீர்கள். சும்மா பிடித்தால் போதும்.

2. “கயிறு!” என்று கத்துங்கள். அவர் தலை திரும்பி உங்களைப் பார்க்கும் வரை பொறுத்திருங்கள், ஆற்றில் அதற்கு நேரம் இருந்தால். முதுகு காட்டி மிதக்கிறவர் மேல் கயிறு விழுந்தாலும் அது என்னவென்று அவருக்குத் தெரியாது.

3. அவர் உங்களுக்கு நேரெதிரே வருவதற்குச் சற்று முன்பு வீசுங்கள். பையின் கழுத்தைப் பிடித்து, கையைப் பின்னால் ஆட்டி, கீழிருந்து முன்னால் விடுங்கள். கோயில் மணி நாக்கு ஆடுவது போல நேர்கோட்டில். புதியவர்கள் கையை விடத் தாமதிப்பதால் பை வானத்துக்குப் போய் ஏழு மீட்டரில் விழும். கை தோள் உயரத்துக்கு வரும் முன் விட்டுவிடுங்கள். இடுப்பளவு புதர் இருந்தால் மட்டும் தலைக்கு மேலாக வீசலாம்.

4. குறி அவர் தலை. பை தலையைத் தாண்டிப் போய் விழ, கயிறு அவர் தோள்மேல் படுத்துக்கிடக்க வேண்டும். தாண்டிப் போனால் நஷ்டமில்லை, முன்னால் குறைந்து விழுந்தால் முழு வீச்சும் வீண். அவருக்குப் பின்னால், தண்ணீர் வரும் பக்கமாக விழுந்தாலும் வீண்தான். கயிற்றை நீங்கள் பிடித்திருக்கிறீர்கள், அது அங்கேயே நிற்கும்; அவரோ ஆற்றோடு விலகிக்கொண்டிருக்கிறார்.

பிடித்து நிற்றல்

அவர் பிடித்துவிட்டார். இனி வரும் இழுப்பு, பழகாதவர்கள் எதிர்பார்ப்பதைப் போல இரண்டு மடங்கு. நின்றபடி கையால் தாங்க முயன்றவர்கள் கயிற்றை விட்டிருக்கிறார்கள், அல்லது கூடவே போயிருக்கிறார்கள். உடனே உட்காருங்கள். குதிகாலைப் பாறை விளிம்பில் ஊன்றுங்கள். கயிறு முதுகைச் சுற்றி வரட்டும்: நீந்துகிறவரிடம் போகும் பகுதி உங்கள் இடுப்பின் தண்ணீர் போகும் பக்கத்தில், இறுக்கிப் பிடிக்கும் கை தண்ணீர் வரும் பக்கத்தில். மாற்றிப் பிடித்தால் கயிறு வயிற்றுக்குக் குறுக்கே வந்து உங்களைச் சுருட்டும். சரியாகப் பிடித்தால், கையை விட்டதும் கயிறு முதுகிலிருந்து தானே அவிழ்ந்து போகும். எப்போதும் விட முடிகிற பிடியாக இருப்பது அவ்வளவு முக்கியம்.

முதல் இழுப்பில் ஓர் அரை மீட்டர் கயிற்றை நழுவ விடுங்கள், அல்லது எழுந்திருக்க முடிந்தால் கரையோரமாக அவரோடு நாலடி நடங்கள். அதிர்ச்சி குறையும், அவர் பிடியும் நழுவாது. பிறகு இழுத்துச் சுருட்ட வேண்டாம். ஆறே அவரைக் கரைக்குக் கொண்டுவரும். அவசரப்பட்டு இழுத்தால் தண்ணீரை எதிர்த்து இழுக்கிறீர்கள், அவர் முகத்தில் நீர் அடித்து மூச்சு முட்டும். பக்கத்தில் யாராவது இருந்தால், உங்கள் லைஃப் ஜாக்கெட்டின் தோள்பட்டியைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அந்த ஒரு பிடி பெரிய உதவி.

தவறிவிட்டால்

பையைத் திரும்பத் திணிக்காதீர்கள், நேரமில்லை. கயிற்றைப் பெரிய வளையங்களாக இழுங்கள். ஒவ்வொன்றும் ஒரு கை நீளம். பை கைக்கு வந்ததும் அதில் ஒரு குவளை அளவு தண்ணீர் அள்ளிக் கனம் சேர்த்து, வளையங்களில் பாதியை ஒரு கையிலும் பாதியை மறு கையிலும் வைத்து வீசுங்கள். இரண்டாவது வீச்சு பத்துப் பன்னிரண்டு மீட்டர் போனால் நல்ல வீச்சு. இழுக்கத் தொடங்கியதிலிருந்து 20 நொடிக்குள் இது நடக்கும்படி பழகுங்கள். அதற்கும் மேலானால் அவர் எப்படியும் உங்கள் எல்லையில் இருக்க மாட்டார். கீழே நிற்பவருக்கு விசில் அடியுங்கள்.

நீங்களே நீந்துகிறவராக இருந்தால்

மல்லாந்து, கால்கள் முன்னால், பாதங்கள் நீர்மட்டத்தில். கயிறு வந்தால் பையைப் பிடிக்காதீர்கள். பைக்குள் இன்னும் கயிறு மீதி இருந்தால் அது உருவிக்கொண்டே போகும். கயிற்றையே பிடியுங்கள். வீசுகிறவர் கரைக்கு எதிர்ப்பக்கத்துத் தோள்மேல் கயிற்றைப் போட்டு, இரண்டு கையையும் நெஞ்சோடு சேர்த்துக்கொள்ளுங்கள். அப்போது உடல் கரையை நோக்கிச் சாய்ந்த கோணத்தில் நிற்கும், ஆறே கரைக்குத் தள்ளும். தவறான தோளில் போட்டால் ஆற்றின் நடுவிலேயே முகத்தில் அலை வாங்கிக்கொண்டிருப்பீர்கள். கையில் சுற்றுவது இங்கும் கூடாது.

கால் தரை தட்டுகிறதே என்று ஓட்டத்தில் எழுந்து நிற்காதீர்கள். முழங்கால் ஆழ நீரில்தான் பாதம் பாறை இடுக்கில் மாட்டும். பின்னாலிருந்து தண்ணீர் முதுகைத் தள்ள, முகம் நீருக்குள் போகும். பின்புறம் தரையில் உரசும் அளவுக்கு ஆழம் குறைந்த பிறகே எழுந்திருங்கள். மரத்தில் மோதுவது தவிர்க்கவே முடியாதென்றால் மட்டும் இந்த மல்லாந்த நிலையைக் கைவிட்டு, குப்புறத் திரும்பி, மரத்தை நோக்கி முழு வேகத்தில் நீந்தி, கையால் பற்றி மேலே ஏறுங்கள். கால் முதலில் போனால் கிளைகளுக்கடியில் நுழைந்துவிடும்.

வீசக் கூடாத நேரங்கள்

இதை யாரும் பயிற்சி செய்வதில்லை, செய்ய வேண்டும். கீழே நீளமான அமைதியான மடு இருந்தால் ஆளை விட்டுவிடுங்கள், தானே ஒதுங்குவார். அவர் நன்றாக நீந்தி எடியை நெருங்கிக்கொண்டிருந்தால் கயிறு அவரைக் கெடுக்கும். உங்கள் கீழ்க்கரையில் மரம் இருந்தால், எதிர்க்கரைக்கு நீந்தச் சொல்லிக் கத்துவது கயிற்றைவிட மேல். மயங்கிக் கிடப்பவருக்குக் கயிறு பயன்படாது. படகுதான் போக வேண்டும், இல்லையேல் முறையாகப் பயின்றவர், இழுத்ததும் கழன்றுகொள்ளும் பட்டை வைத்த மீட்பு ஜாக்கெட்டின் முதுகு வளையத்தில் கயிற்றை மாட்டிக்கொண்டு பாய வேண்டும். சாதாரண ஜாக்கெட்டிலோ இடுப்பிலோ கயிறு கட்டிக் குதிப்பது, ஊர்க்கிணற்றில் செல்லுபடியாகலாம், ஓடும் ஆற்றில் அந்தக் கயிறே ஆளை அமுக்கிவிடும்.

கால் சிக்கியவருக்கு

நிமிடக் கணக்குத்தான். குறுகிய ஆறென்றால் கயிற்றை எதிர்க்கரைக்கு வீசி, இரு கரையிலும் பிடித்து, அவருக்குக் கீழ்ப்புறத்திலிருந்து மேலே நடந்து கொண்டுவந்து, அவர் நெஞ்சுக்குக் குறுக்கே, அக்குளுக்கடியில் வருமாறு இழுத்துப் பிடியுங்கள். அதில் சாய்ந்து அவர் தலையை நீருக்கு மேல் வைத்துக்கொள்ள முடியும். மூச்சு கிடைத்துவிட்டால் நேரம் கிடைத்துவிட்டது. பிறகு இரண்டாவது கயிற்றைக் கனம் சேர்த்து ஆழத்தில் இறக்கி, கணுக்காலில் படும்படி, தண்ணீர் வரும் பக்கமாக இழுக்க வேண்டும். கால் நுழைந்த வழியாகத்தான் வெளியே வரும்.

இது தவிர வேறு எதற்காகவும், குறிப்பாக மிதந்து வருகிறவரைப் பிடிக்கவென்று, ஆற்றுக்கு நேர்குறுக்காகக் கயிறு கட்டாதீர்கள். நடுவில் அது வளைந்து பள்ளமாகும், மாட்டியவர் அங்கேயே நிற்பார்.

பாறையில் சிக்கிய படகு

ஆள் வெளியே வந்துவிட்டாரா? அப்படியானால் அவசரமில்லை, டீ குடித்துவிட்டுக்கூட யோசிக்கலாம். முதலில் கையால் ஒரு முனையைத் தூக்கிப் பாருங்கள். அடுத்து கயிறு கட்டி நாலைந்து பேர் சேர்ந்து, வெவ்வேறு கோணங்களில் இழுங்கள். அடுத்து, இழுத்த கயிற்றை மரத்தில் இறுகக் கட்டி, அதன் நடுவில் செங்குத்தாக ஒருவர் இழுப்பது. கயிறு நேர்கோட்டிலிருந்து 5 டிகிரி மட்டுமே வளைந்திருக்கும்போது, நடுவில் 30 கிலோ விசை கொடுத்தால் முனையில் 170 கிலோவுக்கு மேல் கிடைக்கும். வளைவு கூடக் கூட இந்த லாபம் குறைந்துவிடும்.

அதுவும் போதாமல் கப்பி வைத்து மூன்று மடங்கு இழுவை போடுவதென்றால், அதை இரண்டு நாள் மீட்பு வகுப்பில் ஆளிடம் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். படித்து அமைத்தால் ஏதோ ஒரு முடிச்சு தலைகீழாக இருக்கும். அதுவரை நினைவில் இருக்க வேண்டியது: இறுகிய கயிறு அறுந்தால் எந்தக் கோட்டில் பாயுமோ அந்தக் கோட்டில் யாரும் நிற்கக் கூடாது, வளைவின் உட்பக்கத்திலும் கூடாது, கயிற்றின் நடுவில் ஓர் ஈரப் பையைத் தொங்கவிட்டால் பாய்ச்சல் குறையும். ஒரு முறை இப்படிக் கடுமையாக இழுபட்ட பாலிப்ரொப்பிலீன் கயிற்றை ஆளை மீட்கும் பையில் மறுபடி திணிக்காதீர்கள்.

பழக்கம்

தரையில் தொடங்குங்கள். 12 மீட்டரில் ஒரு வாளி, 10 வீச்சு. ஏழு முறை கயிறு வாளிமேல் படுத்தால் 15 மீட்டருக்குப் போங்கள். பிறகு இடது கையால். பிறகு உட்கார்ந்துகொண்டு. அதன் பிறகே மெதுவான ஆற்றில், கீழே தெளிந்த மடு இருக்கும் இடத்தில், லைஃப் ஜாக்கெட் போட்ட நண்பரை மிதக்கவிட்டு. வீசுகிற முறையும் மிதக்கிற முறையும் மாறி மாறி வரட்டும். மிதந்து பார்க்காதவர் நல்ல வீச்சுக்காரராக ஆவதில்லை.

வீடு திரும்பியதும் கயிற்றை முழுக்க வெளியே எடுத்து, நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்துங்கள். மழைக்கால ஆற்று மணல் இழைக்குள் தங்கி, உள்ளிருந்து அரம் போல அறுக்கும். உலரும்போது கயிற்றை விரலிடையே ஓடவிட்டு முழு நீளமும் தடவிப் பாருங்கள்: தட்டையான இடம், உருகிக் கெட்டியான இடம், இழை பிரிந்த இடம். ஒன்று தட்டுப்பட்டாலும் அந்தக் கயிற்றைத் துணி காயப்போட மாடிக்கு அனுப்பிவிட்டு, புதிது வாங்குங்கள்.